தொண்டை நீங்கலாக

வெர்லின் ஸ்டக்கியின் உடம்பு முழுவதற்கும் இன்சூரன்ஸ் இருந்தது, தொண்டை நீங்கலாக. அவருடைய தொழில் ஏலம் விடுவது.

மிசௌரி மாநிலத்தின் வடக்குக் கோடியில் இருக்கும் எங்கள் ஹார்லன்ஸ்பர்கில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஏலக்காரர்களைக் கர்னல் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில் பட்டாளத்துக் கர்னல்கள், எதிரியிடமிருந்து பிடித்த சாமான்களை ஏலம் விட்டார்களாம். பட்டம் அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டதாம். நம்முடைய கர்னல் பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. முழங்கால் சரியில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மனிதர், நாற்பது வருஷம் அரசாங்கப் பட்டாளத்தின் பட்டத்தைத் தொப்பி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு திரிந்தார். உறுத்தியதாகத் தெரியவில்லை.

தொண்டை எப்படி விட்டுப்போனது என்பதைச் சொல்ல வேண்டும். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் தாங்களே இன்சூரன்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பத்தெட்டாவது வயதில் கர்னல் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டார். அதில் முப்பத்தோராவது கேள்வி, ‘உங்களுக்கு எப்போதாவது குரல் கட்டிக்கொண்டதுண்டா?’ வேறு எவனாக இருந்தாலும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பான். கர்னல் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினார்: ‘வருஷத்துக்கு இரண்டு முறை, பண்ணை ஏலங்கள் முடிந்ததும். நேர்மையாக உழைத்ததன் அடையாளம்.’

கம்பெனி அந்த நேர்மையைப் பாராட்டி ஒரு தனிக் காகிதம் அனுப்பிவைத்தது. தொண்டை, குரல்வளை, அவற்றோடு தொடர்புடைய எதுவாக இருந்தாலும் நீங்கலாக, மற்ற உறுப்புகளுக்கெல்லாம் காப்பு உண்டு.

“இதப் படிச்சியா வெர்லின்?” என்று அவர் மனைவி நோரீன் கேட்டாள். “தொண்டைய விட்டுட்டாங்க.”

“படிச்சேன். கண்ணு, காது, ஈரல், இருதயம் எல்லாம் இருக்குல்ல?”

“நீ ஈரல வச்சுக்கிட்டா ஏலம் விடுற?”

“அவன் ஒரு பேரம் சொன்னான். நான் ஒத்துக்கிட்டேன். ரெண்டு பேரும் சந்தோஷமா கையெழுத்துப் போட்டோம். இதுக்குப் பேருதான் சுதந்திரம், நோரீன்.”

சுதந்திரம் ஃபைலில் போய் உட்கார்ந்தது.

கர்னலுக்குச் சந்தையின் மேல் இருந்த நம்பிக்கை சில பேருக்குக் கோயிலின் மேல்கூட இருப்பதில்லை. உலகத்தில் விலை இல்லாத பொருளே கிடையாது, நாலு பேர் முன்னால் வைத்தால் விலை தானாக வெளியே வரும் என்பார். சனிக்கிழமை காலை உள்ளூர் ரேடியோவில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சிக்கு வாரம் தவறாமல் போன் செய்வார். ‘ஹார்லன்ஸ்பர்க் கர்னல்’ என்றால் அந்த நிகழ்ச்சிக்காரருக்குக் குஷி. நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே அரசாங்கம் வரக்கூடாது என்பது கர்னலுக்குப் பிடித்த வாக்கியம். அவர் டாக்டர் வீட்டுப் படியேறிப் பதினோரு வருஷம் ஆகியிருந்ததால், நடுவே வர யாருக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு ஏலத்தையும் ஒரே எச்சரிக்கையோடுதான் தொடங்குவார். “விட்டுட்டு எழுந்து போக முடியாத சாமானுக்குக் கை தூக்காதீங்க. இந்தக் கலப்பை இல்லாட்டி செத்துருவேன்னு நினைக்கிறவன் இப்பவே வெளிய போய் ஒரு காபி குடிச்சுட்டு வா. இல்லேன்னா உன்னை உரிச்சுருவாங்க.” கூட்டம் சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார். இது அவருடைய பொருளாதாரம் முழுவதும்.

2009 ஆகஸ்ட் மாதத்தில், வாஷிங்டனில் எங்கள் தொகுதிக்காக உட்கார்ந்திருக்கும் உறுப்பினர், புதிய மருத்துவச் சட்டத்தைப் பற்றி விளக்க ஊருக்கு வந்தார். அந்த வெயில் காலத்தில் நாடு முழுவதும் இதே கூத்து. பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கத்தில் நானூறு பேர். சட்டத்தைப் படித்தவர் ஒருவரும் இல்லை. உறுப்பினரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு பக்கம் ‘கை வைக்காதே’ என்ற அட்டைகள். இன்னொரு பக்கம் ‘எல்லோருக்கும் வைத்தியம்’ என்ற ஒரே ஒரு அட்டை. அதைப் பிடித்திருந்தவள் நோரீனின் அக்கா மேக்ஸீன். முப்பத்தோரு வருஷம் தபாலாபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு, அரசாங்க ஓய்வூதியமும் அரசாங்க இன்சூரன்ஸுமாக ஓய்வு பெற்றவள். உலகத்தில் கடைசி மனிதன் வரைக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது.

கர்னல் மைக்கைப் பிடித்தார். அவருக்கு மைக் தேவையில்லை, மரியாதைக்குப் பிடித்தார். “ஐயா, நான் நாற்பது வருஷமா விலை சொல்றவன். வாஷிங்டன் விலை சொல்ல ஆரம்பிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். என் உடம்பு என் சொத்து. அதுல நீங்க கை...”

‘வைக்காதீங்க’ என்ற சொல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ‘உணர்ச்சி வேகத்தில் கர்னலின் குரல் உடைந்தது’ என்று அந்த வாரப் பத்திரிகை எழுதியது.

உணர்ச்சி இல்லை. பத்து நாள் ஆகியும் குரல் திரும்பவில்லை என்றதும் நோரீன் அவரை டாக்டர் ஹென்ஷாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஹென்ஷா ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

“கர்னல், குரல் நாண்ல ஒரு பருப்பு அளவுக்குக் கட்டி இருக்கு. எனக்குப் பிடிக்கல. பெரிய ஆஸ்பத்திரியில பார்த்து உறுதி பண்ணணும். இப்பவே கவனிச்சா ஆறு வாரம் ரேடியேஷன், குரல் நிச்சயம் தங்கும். தள்ளிப்போட்டா...”

“தள்ளிப்போட்டா?”

“குரல்வளைய எடுக்க வேண்டி வரும். உயிர் இருக்கும். பேச்சு இருக்காது.”

“அது என்ன விலை ஆகும்?”

“எது?”

“ஆறு வாரம்.”

ஹென்ஷா கண்ணாடியைத் துடைத்தார். “எனக்குத் தெரியாது கர்னல். இருபத்தாறு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இதுவரைக்கும் தெரியல.”

கர்னலுக்கு நோயைவிட இந்தப் பதில்தான் அதிர்ச்சி. விலை தெரியாமல் ஒரு வியாபாரி இருபத்தாறு வருஷம் கடை நடத்தியிருக்கிறான்! வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேஜையில் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மூன்று ஆஸ்பத்திரிகளின் நம்பர்களை வரிசையாக எழுதிக்கொண்டார். சந்தை என்றால் என்ன என்று அவர்களுக்குக் காட்டப்போகிறார். நோரீன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வணக்கம் சார், உங்க இன்சூரன்ஸ் கம்பெனி எது?”

“இருக்கு. தொண்டைக்கு மட்டும் இல்ல.”

“சார்?”

“மத்த எல்லாத்துக்கும் இருக்கு. தொண்டைக்கு மட்டும் கிடையாது.”

“சார், எங்க கம்ப்யூட்டர்ல ‘இருக்கு’ன்னு ஒரு பட்டன், ‘இல்ல’ன்னு ஒரு பட்டன். ரெண்டுதான். நீங்க எதை அமுக்கணும்ங்கறீங்க?”

“எதையும் அமுக்காதம்மா. எனக்கு விலை மட்டும் சொல்லு. ஆறு வாரம் ரேடியேஷன்.”

“விலை ஆளைப் பொறுத்து மாறும் சார்.”

“என்ன ஆளைப் பொறுத்து? என் தொண்டையும் பக்கத்து வீட்டுக்காரன் தொண்டையும் ஒரே அளவுதான்.”

“அவருக்கு இன்சூரன்ஸ் இருந்தா ஒரு விலை. இல்லாட்டி ஒரு விலை. இல்லாம இருந்து கையில காசு கொடுத்தா அதுல தள்ளுபடி. எல்லாம் சிகிச்சை முடிஞ்சு பில் வந்தப்புறம்தான் தெரியும்.”

“அடிப் பெண்ணே, மாட்டை ஓட்டிட்டுப் போ, வெட்டு, தின்னு, எலும்ப அனுப்பு, அப்புறம் விலை சொல்றேன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு!”

“ஆமா சார்,” என்றாள் அந்தப் பெண், அலுப்போடு. “எங்கிட்ட தினமும் நாலு பேர் மாட்டைப் பத்தித்தான் சொல்றாங்க.”

இரண்டாவது ஆஸ்பத்திரி, முப்பதாயிரத்துக்கும் தொண்ணூறாயிரத்துக்கும் நடுவே என்றது. ஏலத்தில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் கர்னல் அவனைக் கூடத்தைவிட்டு வெளியேற்றியிருப்பார். மூன்றாவது ஆஸ்பத்திரியில் ஒரு இயந்திரம் பாட்டுப் போட்டது. நாற்பத்து மூன்று நிமிஷம் பாட்டு. நோரீன் பீன்ஸை வேகவைத்து இறக்கிவிட்டாள்.

“போதும், போனை வை. அது ஒரே பாட்டுதான்.”

“இவனுங்க சந்தையே நடத்தல நோரீன். அரசாங்கம் புகுந்து கெடுத்துருச்சு, அதான் விலை தெரியல.”

விலை தெரிந்தால் சந்தையின் பெருமை. தெரியாவிட்டால் அரசாங்கத்தின் குற்றம். இப்படி ஒரு கொள்கையை வைத்துக்கொண்டால் தோற்கவே முடியாது. தொண்டை மட்டும் தோற்கும்.

எங்கள் ஊரில் யாருக்காவது பெரிய வியாதி வந்தால் உதவி ஏலம் நடத்துவது வழக்கம். தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும், பன்றித் தொடையும் பீன்ஸும் சோள ரொட்டியுமாகச் சாப்பாடு போட்டு, கேக்குகளையும் மெத்தை விரிப்புகளையும் ஏலம் விடுவார்கள். முப்பது வருஷமாக அவற்றையெல்லாம் கூலி வாங்காமல் விட்டுக்கொடுத்தவர் கர்னல்தான். அரசாங்கம் தேவையில்லை என்பதற்கு அவர் காட்டும் அத்தாட்சியும் அதுதான். “நம்ம ஊர்ல ஒருத்தன் படுத்தா நாம பாத்துக்குறோம். இதுதான் தனிமனுஷ சுதந்திரம், இதுதான் சந்தை.” ஒரு டாலர் கேக்கை இருநூறு டாலருக்கு வாங்குவது எந்த ஊர்ச் சந்தை என்று அவரிடம் கேட்க எனக்குத் தோன்றியதுண்டு. பெரியவர், மனம் நோகும் என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் கேட்டிருக்கலாம்.

அக்டோபரில் அவருக்கே அந்த ஏலம் வந்தது. முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். வாயைத் திறக்கவே கூடாது என்பது ஹென்ஷாவின் உத்தரவு. ஏலம் விட அடுத்த கவுண்டியிலிருந்து, அதாவது பக்கத்து மாவட்டத்திலிருந்து, டார்ஸி ப்ராட் என்பவரைக் கூட்டிவந்திருந்தார்கள். நல்ல மனிதர், நாக்கு மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் ஒரு விலையைச் சொல்லி அடுத்த விலைக்கு வருவதற்குள் ஒருவர் கழிவறைக்குப் போய்த் திரும்பிவிடலாம். கட்டியைவிட ப்ராட் அன்றைக்குக் கர்னலை அதிகமாக வதைத்தார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நோரீன் செய்த மூன்றடுக்குத் தேங்காய்க் கேக் வந்தது. தீவனக் கடை பர்னெல் இருநூறுக்கு எடுத்தார். எடுத்தவர் எழுந்து நின்று, “மறுபடி விடு!” என்று கத்தினார். இதுதான் எங்கள் வழக்கத்தின் உயிர். வாங்கியவர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேக்கைத் திருப்பிக் கொடுப்பார். அதே கேக் மறுபடி ஏலத்துக்கு வரும். அன்றைக்கு அந்தக் கேக் எட்டுத் தடவை விற்றது. எட்டுப் பேரும் ‘மறுபடி விடு’ என்றார்கள். மேக்ஸீன்கூட ஒரு தடவை நூற்றைம்பது கொடுத்தாள். கொடுக்கும்போதே, “இதை வரியா வாங்கியிருந்தா எல்லாருக்கும் எவ்வளவு சுலபம்!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் அவளால் கொடுக்க முடியாது.

ஒன்பதாவது தடவைக்கு ப்ராட் தடுமாறினார். முந்நூறில் நின்றுவிட்டது. கர்னலால் பொறுக்க முடியவில்லை. எழுந்தார். “வெர்லின், உக்காரு!” என்றாள் நோரீன். அவர் உட்காரவில்லை.

“முந்நூறு, முந்நூறு கேட்டாச்சு, முந்நூத்தம்பது யாரு, அங்க முந்நூத்தம்பது, நானூறு யாரு, நானூறு, பர்னெல் மூக்கைச் சொறியுறியா, கேக்குறியா, சொறிஞ்சாலும் நானூறுதான், நானூத்தம்பது, ஐந்நூறு, ஐந்நூத்தம்பது...” குரலில் பாதி காற்று. ஆனாலும் அந்த ஓட்டம் இருந்தது. குழந்தைகள்கூடச் சோள ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். “அறுநூறு! ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்!”

அறுநூறுக்கு எடுத்தவர் க்ளிஃபோர்ட் லூஸ். கர்னலுக்குத் தொண்டை நீங்கலான இன்சூரன்ஸை விற்ற ஏஜென்ட். ஊர் முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. அவர் எழுந்தார், காசோலையைக் கொடுத்தார், கேக்கை வாங்கிக் கையில் ஏந்திக்கொண்டு காருக்கு நடந்தார்.

“க்ளிஃப், ‘மறுபடி விடு’ன்னு சொல்லணும்ல,” என்றார் பர்னெல், வாசலில் மறித்து.

“எதுக்கு? ஏலத்துல எடுத்தேன், காசு கொடுத்தேன், என்னுதுதானே?”

ஊரில் ஒரு வருஷம் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தக் கூடத்தில் சந்தைக்கு விசுவாசமாக நடந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

மொத்தம் ஒன்பதாயிரத்து அறுநூறு டாலர் சேர்ந்தது. கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு ஸ்கேன், ஒரு பயாப்ஸி, மூன்று டாக்டர்கள். ஹென்ஷா கண்ணாடியில் பார்த்துச் சொன்னதை அவர்கள் இயந்திரத்தில் பார்த்துச் சொன்னார்கள். அதற்கு ஒன்பதாயிரத்து நானூறு. கேக்குகள், மெத்தை விரிப்புகள், ஊரின் அன்பு, ப்ராட்டின் நாக்கு எல்லாம் சேர்ந்து சாதித்தது, கட்டி கட்டிதான் என்ற உறுதி. ரேடியேஷனைத் தொடங்க முன்பணமாக இன்னும் முப்பதாயிரம் வேண்டும் என்றார்கள். விலை அல்ல, முன்பணம். விலை பிறகு தெரியுமாம்.

இந்த இடத்தில் மேக்ஸீன் உள்ளே வந்தாள். “மாநில அரசாங்கத்துல ஏழைங்களுக்கு வைத்திய உதவி இருக்கு. வருமானம் குறைஞ்சு போச்சுல்ல? போய் எழுதிக் கொடுக்கச் சொல்லு நோரீன். ரேடியோவுல திட்டினவனுக்கும் கொடுப்பாங்க. அதான் எங்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம்.”

கர்னல் போகமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போனார். தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, கவுண்டி தலைமையூரில் இருக்கும் அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். நோரீன்தான் காரை ஓட்டினாள். மேக்ஸீனும் கூடப் போனாள், வேடிக்கை பார்க்க. ஜன்னலில் இருந்த அம்மாள் பதினாலு பக்க விண்ணப்பத்தைப் புரட்டினாள்.

“பதினெட்டு வயசுக்குக் கீழயா சார்?”

“என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?”

“கேக்கணும் சார். கர்ப்பமா இருக்கீங்களா?”

மேக்ஸீன் இருமினாள்.

“வீட்டுல சின்னக் குழந்தைங்க? இல்ல. கண் பார்வை போயிருச்சா? இல்ல. ஊனம்?”

“இன்னும் இல்ல. குரல் போகப்போகுது. ஏலக்காரன் நான்.”

“போகப்போகுதுன்னா கட்டம் இல்ல சார். போயிருச்சுன்னா இருக்கு. குரல் முழுசா போனப்புறம் டாக்டர் சர்டிஃபிகேட்டோட வாங்க, ஊனம்னு போட்டுப் பார்க்கலாம்.”

“போகாம இருக்கத்தான் காசு கேக்குறேன்.”

“புரியுது சார். அதுக்கு இந்த ஆபீஸ்ல எதுவும் இல்ல. எண்பது ஏக்கர் நிலம் வேற இருக்கு, அதுவும் கணக்குல வரும்.” அவள் குரலில் கடுமை எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு இருபது பேருக்கு இதைச் சொல்கிறவள்.

ஒரு தரப்புக்கு வைத்தியம் முடியும்வரை விலை தெரியாது. இன்னொரு தரப்புக்கு நோய் முடியும்வரை நோயாளி தெரியமாட்டான். இந்த இரண்டில் எது உயர்ந்தது என்றுதான் நாடு அந்த வருஷம் முழுவதும் தொண்டை கிழியக் கத்தியது.

திரும்பி வரும்போது காரில் மேக்ஸீன், “சட்டம் மட்டும் வந்திருந்தா...” என்று தொடங்கினாள். “மேக்ஸீன், இன்னொரு வார்த்தை பேசினா இங்கயே இறக்கிவிட்டுருவேன்,” என்றாள் நோரீன். இறக்கிவிட்டாள். நாலு மைல் ஓட்டிப் போனாள். பிறகு திரும்பிப் போய் ஏற்றிக்கொண்டாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நோரீன் நேராக விஷயத்துக்கு வந்தாள். “எண்பதுல நாப்பது ஏக்கரை வித்துரு.”

“இந்த நவம்பர்லயா? ரேடியேஷனுக்குக் காசு வேணும்னு ஊருக்கே தெரியும். கட்டாயத்துல விக்கிறவனுக்கு விலை கிடைக்காது. நான் எத்தனை பேரோட நிலத்தை அப்படி வித்திருக்கேன்! பாதி விலை.”

“அப்ப கட்டாயத்துல வாங்குறவனுக்கு?”

“என்ன?”

“நீதானே சொல்லுவ, விட்டுட்டு எழுந்து போக முடியாத சாமானுக்குக் கை தூக்காதேன்னு. இது உன் தொண்டை வெர்லின். இதை விட்டுட்டு நீ எழுந்து எங்க போவ?”

நாற்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் தொண்டையைச் செருமினார். அது நிற்க வெகுநேரம் ஆனது. நின்றதும் வேறு பேச்சு எடுத்தார்.

“மார்ச் ஒன்பது எனக்கு அறுபத்தஞ்சு.”

“அதனால?”

“மெடிகேர் வந்துரும். முதல் தேதியிலிருந்தே. நாலு மாசம். நாலு மாசம் எதுவும் ஆகிடாது.”

மெடிகேர் என்பது அறுபத்தைந்து முடிந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மருத்துவ இன்சூரன்ஸ். வாஷிங்டனில் அச்சாகி, வாஷிங்டன் கையெழுத்தோடு வரும் அட்டை. தொண்டை நீங்கலாக என்று அதில் எழுதியிருக்காது.

“அது அரசாங்கம் இல்லையா?” என்று நோரீன் கேட்டாள்.

“அது நான் கட்டின காசு.”

“ரோடும் நீ கட்டின காசுதான். பள்ளிக்கூடமும் நீ கட்டின காசுதான்.”

“அது வேற.”

ஹென்ஷா கெஞ்சினார். நிலத்தை அடகு வை என்றார். தெரிந்தவர்களிடம் தானே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். “கட்டிக்கு உங்க பிறந்தநாள் தெரியாது கர்னல்.” கர்னல் புன்னகைத்தார். விலை சரியில்லாதபோது காத்திருப்பது அவர் தொழில். எத்தனையோ பேரை அப்படிக் காத்திருந்தே மடக்கியிருக்கிறார். அப்போதெல்லாம் எதிரே இருந்தவர்கள் மனிதர்கள்.

டிசம்பரில் குரல் கிசுகிசுப்பானது. ஜனவரியில் ஒரு பண்ணை ஏலத்தில், மைக் வைத்தும் நாலாவது வரிசைக்குக் கேட்கவில்லை, ப்ராட்டை அழைத்தார்கள். பிப்ரவரியில் மேஜையில் உப்பைக் கேட்க ஸ்பூனால் தட்டினார். நோரீன் உப்பை நகர்த்தினாள். அவர் கேட்டால் சொல்லலாம் என்றிருந்த சில வார்த்தைகளை அவள் அந்த மாதங்களில் சொல்லாமலே விழுங்கினாள் என்று பின்னால் என் மனைவியிடம் சொன்னாளாம்.

மார்ச் முதல் தேதி அட்டை வந்துவிட்டது. அரசாங்கம் சொன்ன நாளில் வந்தது, அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வாரம் ரேடியேஷன் என்ற பேச்சு அதற்குள் காலாவதியாகியிருந்தது. பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆறு வாரத்துக்குக் கொடுக்க முடியாது என்ற அரசாங்கம் இப்போது ஆபரேஷனுக்குக் கொடுத்தது, அறைக்குக் கொடுத்தது, கழுத்தில் போட்ட துளைக்குக் கொடுத்தது. முன்னதைவிட மூன்று மடங்கு ஆகியிருக்கும். சரியாகச் சொல்ல முடியாது. விலைதான் யாருக்கும் தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி டிவியில் வாஷிங்டனில் வாக்கெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மருத்துவச் சட்டம் நிறைவேறப்போகிறது. உடம்பின் எந்தப் பாகத்தையும் நீங்கலாக என்று எந்தக் கம்பெனியும் எழுதக்கூடாது என்று அதற்குள் ஒரு பிரிவு இருந்தது. எதிர்த்தவர்களுக்கும் அது தெரியாது, ஆதரித்தவர்களில் பலருக்கும் தெரியாது. கர்னல், பேச்சுக்குப் பதிலாக எழுதிக் காட்டக் கொடுத்திருந்த சிலேட்டை எடுத்து, கொட்டை எழுத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதி டிவிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் உலகத்துக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. அதே நேரத்தில் நர்ஸ் வலி ஊசியோடு நுழைந்தாள்.

“வேண்டாமா? சரி கர்னல், உங்க இஷ்டம்,” என்று ஊசியை எடுத்துக்கொண்டு போய், ‘நோயாளி மறுத்துவிட்டார்’ என்று குறித்து வைத்தாள். அவர் மணியை அடித்து, அழித்து, விளக்கி எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம். நோயாளியின் சுதந்திரத்தை மதிக்கும் ஆஸ்பத்திரி அது.

மேக்ஸீன் பூங்கொத்தோடு வந்தாள். “சட்டம் ஜெயிச்சிருச்சு,” என்றாள். அதற்குப் பிறகுதான், “எப்படி இருக்க?” என்றாள். நோரீன் பூங்கொத்தை வாங்கிக்கொண்டு கதவைக் காட்டினாள்.

ஏப்ரலில் ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் வைத்து அமுக்கினால் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். உதட்டை அசைத்தால் ரீங்காரம் சொல்லாகும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ஒரே சுருதி. ‘ஒரு தரம்’ என்பதும் ‘மூணு தரம்’ என்பதும் ‘உப்பு கொடு’ என்பதும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஏலம் அதில் நடக்காது. ஒரு தடவை கொட்டகையில் தனியாக முயன்றிருக்கிறார். நோரீன் வெளியே நின்று கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி உள்ளே வந்துவிட்டாள். கருவி, பாட்டரி, பழுது பார்ப்பு எல்லாம் மெடிகேர் செலவு. கேட்ட அன்றே கையெழுத்தானது. ஊனம் என்ற கட்டத்தில் இப்போது அவர் கச்சிதமாகப் பொருந்தினார்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நிகழ்ச்சிக்காரர் புதிய சட்டத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். கர்னல் போனை எடுத்தார், கழுத்தில் கருவியை வைத்தார். நோரீன் கையில் இருந்த தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள்.

“ஹார்லன்ஸ்பர்க் கர்னல் பேசறேன்,” என்றது வண்டு. “நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவுல அரசாங்கம்...”

“ஹலோ? ஹலோ?” ரேடியோவில் நிகழ்ச்சிக்காரரின் குரல். “நேயரே, யாரு பேசறீங்க? ஏதோ மிக்ஸி ஓடுற சத்தம் கேக்குது.”

“கர்னல். நான் கர்னல்.”

“உங்க லைன் சரியில்லீங்க. வேற போன்லேர்ந்து கூப்பிடுங்க. அடுத்த நேயர்.”

அவர் போனைக் கீழே வைக்கவில்லை. பாட்டரியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, திரும்பப் போட்டார்.

“விடு வெர்லின்,” என்றாள் நோரீன். “அந்தாளுக்கு உன்னை அடையாளம் தெரியல.”

கர்னல் கருவியைக் கழுத்தில் அழுத்தினார். அரசாங்கம் கொடுத்த குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல், கோபமா கெஞ்சலா என்று யாராலும் சொல்ல முடியாத ஒரே சுருதியில் சொன்னது:

“மறுபடி விடு.”

அவள் அந்த நம்பரை மறுபடி அழுத்திக் கொடுத்தாள்.